கூடத்தைத் தாண்டி அடுக்களைக்கு



நம் மலேசியாவில் ஒரு தமிழ்ப் பிள்ளை மலாய்க்காரர் வீட்டுக்குள் கால் வைப்பது பெரும்பாலும் நோன்புப் பெருநாளுக்குத்தான். திறந்த இல்ல உபசரிப்பு. கூடத்தில் உட்கார்ந்து, கெத்துப்பாட்டும் கோழி ரெண்டாங்கும் சாப்பிட்டு, பச்சை உறையில் டூயிட் ராயா என்கிற பெருநாள் காசு வாங்கிக்கொண்டு, பெரியவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு வந்துவிடுகிறது. நல்ல வழக்கம்தான், இன்னும் பரவ வேண்டிய வழக்கம். ஆனால் அன்றைக்கு அந்த வீடு விருந்துக்கென்றே தயாராகி நிற்கிறது. அடுக்களையில் யார் விடிகாலையிலிருந்து நின்றார்கள், மற்ற நாள்களில் அந்தக் குடும்பம் எப்படிப் பேசிக்கொள்கிறது, எதற்குக் கோபித்துக்கொள்கிறது என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. பள்ளிப் பயணமாகப் போய் ஒரு மலாய்க் குடும்பத்தோடு சில நாள் தங்கும் மாணவனுக்கு அந்தக் கூடத்தைத் தாண்டிப் போகிற வாய்ப்புக் கிடைக்கிறது. அங்கே அவன் எதைக் கற்கிறான், எதைக் கற்கவிடாமல் நாமே குறுக்கே நிற்கிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நமக்கும் மலாய்க்காரருக்கும் இடையிலான இந்த விலகல் நேற்று வந்ததல்ல. பிரிட்டிஷார் காலத்தில் நம் முன்னோரைத் தோட்டத்து லயங்களில் குடிவைத்தார்கள். மலாய்க்காரர்கள் கம்போங் என்கிற ஆற்றோரக் கிராமங்களில் வயலும் பழத்தோப்புமாக இருந்தார்கள். சீனர்கள் ஈயச் சுரங்கங்களிலும் பட்டணங்களிலும் இருந்தார்கள்; அவசரகாலத்தில், 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம், காட்டோரச் சீனக் குடும்பங்களை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் வைத்தது. மூன்று மக்களுக்கு மூன்று வகை ஊர். பள்ளிக்கூடமும் அதையொட்டியே அமைந்தது. 1956 ரசாக் அறிக்கைக்குப் பிறகும் தொடக்கப்பள்ளிகள் மலாய், சீனம், தமிழ் என்றே தொடர்ந்தன. இன்றைக்கும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை இருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடுகிறவன் நான். தாய்மொழிப் பள்ளி நம் உரிமை. ஆனால் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை நம் பிள்ளை நம் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று முடிவெடுக்கிறவர்கள், அடுத்த வீட்டுக்காரரை அவனுக்கு அறிமுகப்படுத்துகிற பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அது தானாக நடந்துவிடாது.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமாருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்ததில்லை. தோட்டத்து எல்லையிலேயே கம்போங் இருக்கும். டுரியான் பருவத்தில் கம்போங்காரர் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவார். தீமிதிக்குக் கம்போங்குப் பிள்ளைகள் வந்து கூட்டத்தில் நின்று பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பீடான் என்கிற மலாய் மருத்துவச்சி வந்து பார்த்த கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்து, நம் மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் பழக்கம் அறுந்துபோயிற்று. இப்போது ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறோம், ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

அறுந்த அந்தப் பழக்கத்தை மீட்க ஒரு வழி, ஹோம்ஸ்டே என்கிற வீட்டுத் தங்கல். வெளியாரை வீட்டில் தங்கவைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 1970களின் செராத்திங்கிலிருந்து தொடங்குவார்கள். பகாங் கடலோரக் கிராமம் அது. மாக் லோங் தே என்ற அம்மையார், ஊர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த வெளிநாட்டு இளைஞர்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்து, காலையிலும் இரவிலும் சாப்பாடு போட்டார். அரசாங்கத் திட்டமானது 1995இல். தெமெர்லோ அருகே கெர்டாவ் வட்டாரத்தில் டேசா மூர்னி என்று சேர்த்துச் சொல்லப்படும் கிராமங்களில், அப்போதைய பண்பாடு, கலை, சுற்றுலா அமைச்சர் சபாருடின் சிக் ஹோம்ஸ்டே திட்டத்தைத் தொடக்கிவைத்தார். விருந்தாளிக்குத் தனி அறை, சுத்தமான குளியலறை, வீட்டாருக்குக் குற்றப்பதிவு இல்லாமை, பயிற்சி என்று விதிகள் வந்தன. சிப்பாங்கில் பாங்ஹூரிஸ், நெகிரி செம்பிலானில் பெலெகோங் போன்ற ஊர்களுக்கு ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கிய வீட்டில், ஒருமணி நேரக் கார்ப்பயணத்தில் இருக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கியதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இப்போது வாடகைக்கு விடுகிற வீட்டையெல்லாம் ஹோம்ஸ்டே என்று பலகை எழுதி மாட்டிவிடுகிறார்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் போய்விடுகிற அந்த இடங்களை நான் சொல்லவில்லை. குடும்பம் அங்கேயே இருக்க வேண்டும். வந்தவர் அவர்களோடு உண்டு, அவர்கள் கூரைக்குக் கீழே உறங்க வேண்டும். பதிவுபெற்ற திட்டத்தின் அடிப்படையே அதுதான். பணம் பெரும்பாலும் கிராமக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போகும். எந்த வீட்டுக்கு யார் என்பதை முறைவைத்து அவர் பிரித்துக் கொடுப்பார். அந்த வீடுகளில் அறை எப்படி ஒழிந்து கிடக்கிறது என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். அறைக்குள் போய்ப் பார்த்தாலே விடை தெரியும். சுவரில் மகள் பட்டமளிப்பு உடையில் நிற்கிற படம். அலமாரிக் கதவில் மகன் சின்ன வயதில் ஒட்டிய காற்பந்து வீரரின் படம், பாதி கிழிந்தபடி. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், பெருநாளுக்கு வருவார்கள். மற்ற மாதங்களில் அந்தப் பெரிய வீட்டில் இரண்டு வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். நம் பிள்ளையை அவர்கள் அனாக் அங்காட், வளர்ப்புப் பிள்ளை, என்று சொந்தம் கொண்டாடுவதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

வீட்டின் அமைப்பிலேயே மாணவன் கவனிக்க வேண்டியது நிறைய உண்டு. பழைய மலாய் வீடு தூண்மேல் நிற்கும். படியேறினால் செராம்பி என்கிற திண்ணை. ஆண் விருந்தாளிகள் உட்காருகிற இடம் அது. அதற்குள்ளே உயரமான தளத்தில் ரூமா ஈபு, வீட்டின் நடுப்பகுதி. பின்னால் ஒருபடி தாழ்ந்த தளத்தில் அடுக்களை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் முன்வாசலுக்கே வரமாட்டார்கள், பின்படியேறி நேரே அடுக்களைக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். இப்போது பல வீடுகளில் முன்பாதி மரமாகவும் பின்பாதி செங்கல்லாகவும் இருக்கிறது. ஆனாலும் யார் எந்த வாசலில் வருகிறார்கள் என்பது மாறவில்லை. எந்த நாள் நம் மாணவியைப் பின்வாசல் வழியாக வரச்சொல்கிறார்களோ, அன்றைக்கு அவள் விருந்தாளி நிலையிலிருந்து ஒருபடி உள்ளே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெகிரி செம்பிலானில் ரெம்பாவ், குவாலா பிலா பக்கம் போகிற மாணவர்களுக்கு இன்னொரு பெரிய செய்தி காத்திருக்கிறது. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் கொண்டுவந்த அடாட் பெர்பாத்தே வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. பூர்விக நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பிரிட்டிஷ் நிர்வாகம் 1909லேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றிப் பதிவேட்டில் ஏற்றியது. எங்கள் மாணவன் ஒருவன், வீட்டுக்காரப் பெரியவரிடம், "பாக்சிக், இந்த வீடு உங்கள் தாத்தா கட்டியதா?" என்று கேட்டான். கட்டம் போட்ட கைலியைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னார்: "என் மனைவியின் பாட்டி வீடு தம்பி. நான் இங்கே மாப்பிள்ளையாக வந்தவன்." எழுபது வயதைத் தாண்டிய மனிதர் இதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல், தம் ஊரின் ஒழுங்கு இது என்கிற பெருமிதத்தோடு சொன்னார். மலாய்க்காரர் வீட்டில் பெண்களுக்குக் குரலே இருக்காது என்று எங்கேயோ கேட்டுவிட்டுப் போனவன் அந்த மாணவன். மலாய்க்காரர் என்று நாம் ஒற்றைச் சொல்லில் அடக்குகிறவர்களுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்பதை அவன் அங்கேதான் முதலில் பார்த்தான். ஜொகூர், சிலாங்கூர் கரையோரக் கம்போங்குக்குப் போயிருந்தால் ஜாவாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பான். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து நாசி அம்பேங் சாப்பிட்டிருப்பான்.

இனி அடுக்களைக்கு வருகிறேன். படிவம் இரண்டில் படித்த ஒரு மாணவி, பட்டணத்து அடுக்குமாடியில் வளர்ந்தவள். போன அன்றைக்கு மாலை, என்ன செய்வது என்று தெரியாமல் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாக்சிக் என்று அவள் அழைக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு தட்டு நெத்திலியை மடியில் வைத்தார். ஈக்கான் பீலிஸ். தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் பிளந்து, கறுப்பாக நூல்போல் இருப்பதை எடுத்துப் போட வேண்டும். மாக்சிக் பேசிக்கொண்டே செய்கிறார், விரலைப் பார்ப்பதே இல்லை. இவளுக்கு ஒவ்வொன்றாக உடைந்துபோகிறது. பக்கத்தில் பூனை காத்திருக்கிறது. அது முடிந்ததும் மிளகாய் அரைக்க மாக்சிக் பின்கட்டுக்குப் போனார். அங்கே இருந்தது பாத்து கீலிங். நம் அம்மியேதான், கல்லும் அதே, குழவியும் அதே. "எங்கள் ஆயா வீட்டிலும் இது இருந்தது" என்று அவள் சொன்னதும் மாக்சிக் எழுந்து இடம்கொடுத்தார். அவள் அரைத்தாள், மிளகாய் கல்லைவிட்டு வெளியே ஓடியது. மாக்சிக் பின்னால் நின்று குழவியை எப்படிச் சாய்த்துத் தள்ள வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். அந்த நேரத்தில் அவர்கள் பேசாத பேச்சில்லை. அவள் அம்மா எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், எந்த வேளை முறை, தம்பி ஏன் கணக்கில் தேறவில்லை. மாக்சிக்கின் மூத்த மகன் லாரி ஓட்டுவது, மருமகளோடு ஒத்துப்போகாதது, முழங்கால் வலிக்கு மருத்துவமனைக்கு அலைவது. எந்தப் பாடநூலும் இந்தப் பேச்சைக் கொடுக்காது. பயண அட்டவணையில் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவும் இல்லை. அன்றைக்கு மழை பெய்து மாலை விளையாட்டு நின்றுபோனதால் கிடைத்த நேரம் அது.

மலாய்மொழித் தேர்வில் ஏ வாங்குகிற நம் பிள்ளைகள் பலர் மலாய்க்காரரோடு வாய்திறந்து பேசத் தயங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மாணவிக்கு இலக்கணம் பார்க்க நேரமில்லை, கையில் மிளகாய்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் முன்னேற்பாடு வேண்டும். நெகிரி செம்பிலான் அடுக்களையின் பெருமை மாசாக் லெமாக் சிலி ஆப்பி: பச்சை மஞ்சளையும் ஊசி மிளகாயையும் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடுகிற குழம்பு. அதில் அவர்கள் விரும்பிப் போடுவது புகையில் வாட்டிய மாட்டிறைச்சி. வீட்டுக்கு முக்கியமான ஆள் வந்தால் அதைத்தான் வைக்கத் தோன்றும். மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒரு வாரம் முன்னால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டால், புகையில் வாட்டிய வாத்தோ கெளுத்தி மீனோ அந்தக் குழம்பில் விழும். ஒரு மனத்தாங்கலும் இருக்காது. சொல்லாமல் போய், தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும்போதுதான் சமைத்தவருக்கு வலிக்கிறது. மாட்டிறைச்சியைவிடக் கடினம் சைவம். "காய்கறி மட்டும் போதும்" என்று சொன்னால் கீரையும் காயும்தான் வைப்பார்கள்; ஆனால் அந்தக் கீரைப் பிரட்டலில் காய்ந்த இறால் இருக்கும், சம்பலில் பெலாச்சான் இருக்கும், பெலாச்சான் இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்துச் செய்வது. அவர்கள் கணக்கில் அது மணப்பொருள், இறைச்சியல்ல. ஆகவே நெத்திலி, இறால், பெலாச்சான், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். உலாம் இருக்கிறது, பச்சையாகக் கடித்துத் தின்கிற தழைகள். தெம்பே இருக்கிறது, மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது. சைவப் பிள்ளை பட்டினி கிடக்காது. பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: மத வழக்கத்தால் உண்ணாதது வேறு, பழக்கமில்லாததால் உண்ணாதது வேறு. தெம்போயாக் என்கிற புளித்த டுரியான் மணத்துக்கு மூக்கைப் பொத்துகிற உரிமை விருந்தாளிக்கு இல்லை. ஒரு வாய் உண்டுபார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லலாம்.

நம் பக்கத்துக் கட்டுப்பாடும் உண்டு. பையில் ஒளித்து எடுத்துப்போகிற தொத்திறைச்சிப் பொட்டலம், ஹலால் முத்திரை இல்லாத உடனடி மீ, இவற்றை அந்த அடுப்பில் ஏற்றக் கூடாது. ஏதாவது கொண்டுபோக ஆசைப்பட்டால் ஹலால் முத்திரையுள்ள முறுக்குப் பொட்டலம் கொண்டுபோங்கள். அதை மறுக்கிற மலாய் வீட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது மாக்ரிப், அந்தி நேரத் தொழுகை. நம் நாட்டில் 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து பொழுது சாய்வது பெரும்பாலும் மாலை 7 மணிக்கும் 7:30க்கும் இடையில். அந்த நேரத்தில் கம்போங் முழுக்க ஒரு மாற்றம் வரும். விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். தொலைக்காட்சி ஒலி தணியும். குளியலறையில் தண்ணீர் கோரும் சத்தம். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும். பாக்சிக் கைலியும் சட்டையும் மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். மாக்சிக்கும் பேத்தியும் தெலெக்கோங் என்கிற வெள்ளைத் தொழுகையுடை அணிந்து உள்ளறையில் பாய் விரிப்பார்கள். நம் பிள்ளை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். யாரும் அவனை எதுவும் செய்யச் சொல்லவில்லை. தொழுகையில் அவனுக்கு இடமில்லை, விலக்கியும் வைக்கவில்லை. வேறொருவர் இறைவனை நினைக்கிற நேரத்தில், குறுக்கே நடக்காமல், கைப்பேசியை அணைத்துவிட்டு, சும்மா இருக்க வேண்டும். நம் பள்ளிகளில் சமய நல்லிணக்கம் என்று சுவரொட்டி வரையச் சொல்கிறோம், கட்டுரை எழுதச் சொல்கிறோம். அதன் நடைமுறை இந்தப் பத்து நிமிடம்தான். இந்த அனுபவத்தைப் பெற்ற பிள்ளைகள் பிறகு கோவிலில் பூசை நேரத்தில் இன்னும் ஒழுங்காக நிற்பதை அவர்கள் பெற்றோரே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டில், காலையில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்த பையனை மாக்சிக் பார்த்துவிட்டு, "நீ சாமி கும்பிட எந்தப் பக்கம் பார்த்து நிற்பாய்? அந்த அறையில் இடம் போதுமா?" என்று கேட்டார். சன்னலோரம் இருந்த தையல் இயந்திரத்தை நகர்த்தி அவனுக்கு இடம் செய்தும் கொடுத்தார்.

பெற்றோர் சிலர் மனத்தில் இருக்கிற அச்சத்தை மூடிமறைத்துவிட்டு நான் மேலே போக விரும்பவில்லை. பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்ற கேள்வியைக் கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாய், தம் ஒப்புதலின்றி மதம் மாற்றப்பட்ட பிள்ளைகளுக்காக எத்தனை ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கினார் என்பதை நம் சமூகம் மறக்கவில்லை. அவர் வழக்கில்தான் 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், வயது வராத பிள்ளையை மதம் மாற்றத் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தக் காயத்தோடு இருக்கிறவர்களிடம் பயப்படாதீர்கள் என்று வெறுமனே சொன்னால் போதாது. ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதிவுபெற்ற குழுவோடு மட்டும் போங்கள். போவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரைப் பெற்றோர் கூட்டத்துக்கு வரவழையுங்கள். இந்தக் கேள்வியை அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள். நான் பார்த்தவரையில் அவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக, வீட்டில் பெண்கள் இருக்கிற இடத்தில் மட்டும் தங்கவையுங்கள். ஆசிரியர் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். அது மேற்பார்வைக்கும் உதவும், வீட்டாருக்கு மரியாதையும் ஆகும்.

ஒரு வீட்டுக்கு நாலு, ஐந்து பேரை அனுப்புகிற பள்ளிகள் உண்டு. செலவு குறைகிறது. ஆனால் ஐந்து தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தால் அங்கே ஒரு குட்டித் தோட்டம் உருவாகிவிடும். அவர்களுக்குள்ளேயே பேசி, சிரித்து, கைப்பேசி பார்த்து, சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வெளியே வருவார்கள். இரண்டு பேர் போதும். ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சீனப் பிள்ளையுமாக இருந்தால் இன்னும் நல்லது, பொதுமொழி மலாய் ஆகிவிடும்.

நான் இன்றைக்கு முக்கியமாகக் கேட்டுக்கொள்வது அட்டவணையைப் பற்றி. இறங்கியதும் கொம்பாங் மேளம் அடித்து வரவேற்பு. பிறகு பால்மரம் சீவுவதைப் பார்ப்பது, தேங்காய் உரிப்பது, கெத்துப்பாட் பின்னுவது, வாவ் பட்டம் கட்டுவது, இரவில் ஆடல்பாடல். மறுநாள் இரண்டு மாணவர்களுக்கு மணமகன் மணமகள் உடை உடுத்தி மேடையில் உட்காரவைக்கிற போலித் திருமணம். கிராமக் குழு கடுமையாக உழைத்துத்தான் இவற்றை நடத்துகிறது; உழைப்பை மதிக்கிறேன். ஆனால் காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிற பிள்ளை இரவு பத்தரைக்குத்தான் திரும்புகிறது. அந்தக் குடும்பத்தோடு அது வாழ்ந்தது எப்போது? போலித் திருமணத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் குழுக்களிடம் கேட்டிருக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளைகளை மணமக்களாக நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. படமெடுப்பதைத் தவிர அதில் கற்பதற்கும் ஒன்றுமில்லை. அதே ஊரில் அந்த வாரம் உண்மையான கெண்டூரி விருந்து ஏதாவது இருந்தால், முந்தின இரவு ஊரே கூடி வெங்காயம் உரிக்கிற இடத்தில் நம் பிள்ளைகளை உட்காரவையுங்கள். கண்ணீர் வழிய வழிய உரிக்கட்டும். பால்மரம் சீவுவதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் உண்டு: விடியும் முன் நெற்றிவிளக்கோடு பாக்சிக் பட்டை சீவும்போது, தன் பாட்டி இதே வேலையைத் தோட்டத்தில் செய்தார் என்று பிள்ளை சொல்லும். இரு குடும்பமும் ஒரே மரத்தில் பிழைத்தவை என்பது இருவருக்கும் அங்கே தெரியவரும். மற்றவற்றில் பாதியைக் குறையுங்கள். மாலை நாலு மணிக்குமேல் பிள்ளைகளைக் குடும்பத்திடம் விட்டுவிடுங்கள். கோழிக்குத் தீனி போடட்டும், துணி மடிக்கட்டும், பேரப்பிள்ளையோடு சொங்காக் ஆடட்டும். பல்லாங்குழி ஆடிய பிள்ளைக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். மாக்சிக் வேண்டாம் என்பார். முதல்நாள் விட்டுவிடலாம், இரண்டாம்நாள் கேட்காமலே கழுவ வேண்டும். இந்தத் திட்டம் முழுவதும் பெண்களின் தோளில்தான் நிற்கிறது. விடியற்காலை சுபுஹ் தொழுகைக்கு எழுந்து அப்படியே நாசி லெமாக் வைத்து, பலகாரம் சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மெத்தை விரிப்பு துவைத்து, மறுபடி பகலுக்குச் சமைக்கிறவர் அவர்தான். அவர் கைக்குக் கிடைப்பது பெரிய தொகையல்ல. ஒரு பயண முகவர் வழியாகப் போய், முகவருக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு என்று கேட்காமலே பணம் கட்டுகிற பள்ளிகள் உண்டு. கேட்க வேண்டும். தலைக்கு இவ்வளவு வீட்டுக்காரருக்குப் போகிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்த வெள்ளி எந்த அடுக்களையில் குறைகிறது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் யோசிக்க வேண்டும்.

பேருந்து கிளம்பும்போது அழுவார்கள். இரு பக்கமும் அழும், பையன்களும் அழுவார்கள். பெரியவர் கையை முகர்ந்து சலாம் சொல்லி ஏறுவார்கள். பிறகு ஒரு வாரம் வாட்சாப்பில் படம் அனுப்பிக்கொள்வார்கள். பெரும்பாலான பள்ளிகளில் கதை அதோடு முடிகிறது. ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் ஆக்கிப்போட, நாம் உண்டுவிட்டு வருகிறோம். வாங்குகிறவராகவே இருந்தால் அது உறவாக நிலைக்காது. அந்தக் குடும்பத்தை நம் வீட்டுக்கு அழைக்க வேண்டும், தீபாவளிக் கூடத்துக்கு மட்டுமல்லாமல் ஓர் இரவு தங்குவதற்கே அழைக்க வேண்டும்.

அவர்களை எப்படிச் சாப்பிடவைப்பது என்று தாய்மார்கள் தயங்குவீர்கள். கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள், வாங்கிய கடையைப் பெயர் சொல்லித் தெரிவியுங்கள். பன்றி இறைச்சி சமைக்கிற வீடாக இருந்தால் புதுச் சட்டி ஒன்றும் தட்டுகளும் வாங்கிவிடுங்கள், அல்லது வாழையிலை போடுங்கள். அன்றைக்கு மதுப்புட்டி மேசைக்கு வரக்கூடாது. நாய் இருந்தால் பின்கட்டில் கட்டிவையுங்கள். சாமியறையை மூடி மறைக்க வேண்டாம். அது நம் வீடு, அவர்கள் பார்க்கத்தான் வருகிறார்கள். தொழுகைக்கு ஓர் அறை ஒழித்துக்கொடுங்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. போன ஆண்டு சென்ற பிள்ளைகளின் வீட்டு முகவரிப் பட்டியல் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அந்தக் கம்போங்கிலிருந்து ஒரு பேருந்து வர, வாடகையைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று தலைவர் இந்த மேடையிலேயே சம்மதித்திருக்கிறார். எந்தெந்த வீட்டில் இடம் இருக்கிறது என்பதைக் கூட்டம் கலையும் முன் வாசலில் உள்ள மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.